கல்லில் இருப்பதும் கண்ணில் தெரிவதும்: சிகிலின் ‘புக் வியூ’ ஏன் போச்சு?

இன்னைக்கு ஒரு பட்டனோட வரலாறு.

சிகில்னு ஒரு மென்பொருள் இருக்கு. மின்னூல் தயாரிக்கிறவங்களுக்கு நல்லா தெரியும், மத்தவங்க கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு கம்மி. இலவசம், கட்டற்ற மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணிலும் ஓடும். ஒரு காலத்தில் அதில் ரெண்டு முகம் இருந்தது. ஒண்ணு ‘கோட் வியூ’: கோப்புக்குள் இருக்கும் குறிகள் எல்லாம் அப்படியே தெரியும். இன்னொண்ணு ‘புக் வியூ’: அச்சடித்த பக்கம் மாதிரி தெரியும், அதிலேயே கர்சரை வைத்து டைப் பண்ணலாம், தடிமனாக்கலாம், தலைப்பாக்கலாம். வேர்ட் தெரிந்த யாரும் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முடித்துவிடலாம்.

2019இல் அந்த புக் வியூவை எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவுதானா செய்தின்னு தோணலாம். ஆனா இதுக்குள்ள, தமிழ் கணினிக்குள் வந்த நாளிலிருந்து நாம போட்டுக்கிட்டு இருக்கும் ஒரு பழைய சண்டை இருக்கு. திரையில் தெரிவது முக்கியமா, கோப்புக்குள் இருப்பது முக்கியமா? அதனால் இதைக் கொஞ்சம் பின்னாடி போய்த் தொடங்கலாம்.

ஜெராக்ஸ் கடையில் பிறந்த ஆசை

ஜெராக்ஸ்னா நமக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை. அமெரிக்காவில் அதே பெயருள்ள கம்பெனிக்கு கலிபோர்னியாவில், பாலோ ஆல்டோவில், ஒரு ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கே 1974இல் பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி குழு ‘பிராவோ’ என்ற எழுத்துத் திருத்தியை உருவாக்கியது. திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே காகிதத்தில் வரும். அதுவரைக்கும் கணினியில் எழுதுவது என்றால் எழுத்துக்கு நடுவே குறிகள் போட்டு, அச்சாகி வந்த பிறகுதான் லட்சணம் தெரியும். சிமோனி பிறகு மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனார், வேர்ட் அங்கே பிறந்தது. ‘பார்ப்பதே கிடைக்கும்’ என்பது உலகத்தின் பழக்கமாச்சு.

இந்த வாக்குறுதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கடைசியில் ஒரு காகிதம் இருக்கணும். காகிதத்தின் அகலம் மாறாது, எழுத்தின் அளவு மாறாது, அதனால் திரையும் தாளும் ஒத்துப்போகும்.

மின்னூலுக்குக் காகிதம் கிடையாது. நீங்க ஆறு அங்குல கிண்டிலில் படிப்பீங்க, உங்க அப்பா போனில் எழுத்தைப் பெருசாக்கிப் படிப்பார், பார்வையில்லாத நண்பர் காதால் படிப்பார். மூணு பேருக்கும் ஒரே கோப்பு. அப்போ ‘பார்ப்பதே கிடைக்கும்’ என்றால், யார் பார்ப்பது?

ஒரு ஈபப்பைத் திறந்து பாருங்க

ஈபப் என்ற மின்னூல் வடிவம் 2007இல் தரமாக அறிவிக்கப்பட்டது. அதுக்குள்ள மர்மம் எதுவும் இல்ல. கோப்புப் பெயரின் கடைசியில் இருக்கும் ஈபப்பை அழித்து ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே குட்டி குட்டி வலைப்பக்கங்கள், படங்கள், அழகு விதிகள் எழுதிய கோப்பு, எது முதலில் எது பிறகு என்று சொல்லும் பட்டியல், எல்லாம் கிடக்கும். அந்தப் பக்கங்கள் எக்ஸ்எச்டிஎம்எல் என்ற வகை. சாதாரண வலைப்பக்கத்தில் ஒரு குறியை மூட மறந்தால் பிரவுசர் மன்னித்துவிடும். இதில் மன்னிப்பு கிடையாது. ஒரு குறி மூடலன்னா, சில படிப்பான்களில் அந்த அத்தியாயமே திறக்காது.

2009இல் ஸ்ட்ராஹின்யா மார்கோவிச் என்பவர் சிகிலைத் தொடங்கினார். இந்த மாதிரிக் கோப்புகளைத் திருத்த அப்போது நல்ல இலவசக் கருவி இல்லாததால் அது வேகமாகப் பரவியது. 2011இல் ஜான் ஷெம்பர் பொறுப்பேற்றார். அதுக்கப்புறம் கெவின் ஹென்ட்ரிக்ஸ், டக் மேசி ஆகியோர் கையில் வளர்ந்தது. எல்லாருமே தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

புக் வியூவை அவங்க முழுசா தாங்களே எழுதல. க்யூடி என்ற நிரலாக்கத் தொகுப்புக்குள் ஒரு பிரவுசர் எஞ்சின் வந்தது, பெயர் வெப்கிட். அந்த எஞ்சின் பக்கத்தைக் காட்டும், அதில் எழுதவும் விடும். சிகில் அதைத் தன் ஜன்னலுக்குள் உட்கார வைத்தது.

பிரச்சினை அங்கேதான். பிரவுசர் எஞ்சின் உங்க கோப்பை எழுத்து எழுத்தாக வைத்துக்கொள்வது இல்ல. படித்ததும் அதை ஒரு மரமாக மாற்றி நினைவில் வைக்கும். நீங்க ஒரு சொல்லைத் திருத்திச் சேமித்தால், அந்த மரத்தைப் பார்த்து முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதிக் கொடுக்கும். நீங்க தொட்டது ஒரு சொல், திரும்பி வந்தது வேறு ஒரு பக்கம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே குறிகளின் அமைப்பு மாறியிருக்கலாம். வேர்டிலிருந்து ஒட்டினால் அதன் எழுத்துரு, நிறம், இடைவெளி எல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஒரு புத்தகத்துக்கு நாள் கணக்கில் அழகு விதிகளை எழுதிவைத்த ஒருத்தருக்கு இது எவ்வளவு எரிச்சல் தரும்னு, கோட் எழுதுற யாருக்கும் சொல்லத் தேவையில்ல.

அதுக்கு மேல, அடித்தளமே காலியாச்சு. 2015இல் வந்த க்யூடி 5.5இல் ‘வெப்கிட்டை இனி நம்ப வேண்டாம்’ என்று அறிவித்தார்கள். 2016இல் 5.6 வந்தபோது அது தொகுப்பிலேயே இல்லை. பதிலுக்கு வந்தது குரோமியத்தின் மேல் கட்டிய வெப்எஞ்சின். அதில் பக்கம் தனி ப்ராசஸில் ஓடும். முன்ன மாதிரி சிகில் நேராகக் கையை உள்ளே விட்டு மரத்தைத் தொட முடியாது. செய்தி அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கணும். பழைய புக் வியூவை அப்படியே கொண்டுபோக வழி இல்ல, திரும்ப எழுதணும்.

அவங்க எடுத்த முடிவு இது. பார்த்து எழுதும் வசதி, சிகிலை விட்டு வெளியே ‘பேஜ்எடிட்’ என்ற தனிக் கருவியாகப் போகட்டும். சிகிலில் கோடும், பக்கத்தில் முன்னோட்டமும் இருக்கட்டும். வேணும்னா சிகிலிலிருந்தே பேஜ்எடிட்டைக் கூப்பிட்டு, ஒரு பக்கத்தைத் திறந்து, திருத்தி, சேமித்துத் திரும்பலாம். 2020இன் தொடக்கத்தில் வந்த சிகில் 1.0 இந்த வடிவத்தில்தான் வந்தது.

நம்ம ஊர்க்காரரும் இதே பக்கம்தான் நின்றார். கேலிபர் மென்பொருளை எழுதிய கோவித் கோயல் இந்தியர். 2013 டிசம்பரில் கேலிபருக்குள் புத்தகம் திருத்தும் கருவியைச் சேர்த்தபோது, அதில் கோடும் முன்னோட்டமும் மட்டும்தான் வைத்தார். பார்த்து எழுதும் வசதியை முதலிலேயே வைக்கல.

தமிழுக்கு இது ரெண்டாவது முறை

இப்போ நம்ம கதைக்கு வருவோம்.

80களிலும் 90களிலும் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவங்க ஒரு தந்திரம் பண்ணாங்க. கணினிக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும். சரி, ஆங்கில எழுத்தே இருக்கட்டும், அதன் படத்தை மட்டும் தமிழாக வரைந்துவிடலாம். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ன்னு எழுதினா திரையில் அழகா அம்மா தெரியும். கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை மாற்றினால் அம்மா காணாமல் போயிடுவாங்க.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு தனி வரிசை. ஒருத்தர் அனுப்பிய கடிதம் இன்னொருத்தருக்குக் குப்பையாகத் தெரிந்தது. 1998 பொங்கலில் மதுரைத் திட்டம் தொடங்கி, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் பல நாட்டுத் தன்னார்வலர்களும் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றியபோது, முதல் கேள்வியே எந்தக் குறிமுறையில் ஏற்றுவது என்பதுதான். மின்னஞ்சல் குழுவில் விவாதித்து உருவானது டிஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று வேறு ரெண்டு குறிமுறைகளும், தமிழ்99 விசைப்பலகையும் வந்தன.

டிஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். ‘கே’ எழுதணும்னா முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க. கையால் எழுதும் வரிசையும் அதுதான். யூனிகோடு இதைத் திருப்பிப் போட்டது. முதலில் க, அதுக்குப் பிறகு ஏகாரக் குறி. திரையில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் கோப்பில் அது இரண்டாவது. நிறைய பேருக்கு இது தப்பாவே பட்டது. ‘கொம்பு முன்னாடி இருக்கு, நீ பின்னாடி வைக்கிறியே’ன்னு கேட்டாங்க. அது கண் சொல்வது. நாக்கு முதலில் சொல்வது க்.

கடைசியில் யூனிகோடு ஜெயிச்சது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தரமாக ஏற்று ஆணை வெளியிட்டது. இன்னைக்கு நீங்க கூகுளில் தமிழில் தேட முடியுது, போன் தமிழைச் சத்தமா படிக்குதுன்னா, கோப்புக்குள் உண்மையிலேயே தமிழ் இருப்பதால்தான்.

யூனிகோடு ஜெயிச்ச விதத்தை நாம கவனிக்கணும். ‘இனிமே எல்லாரும் குறிமுறை கத்துக்கங்க’ன்னு யாரும் சொல்லல. உள்ளே வரிசை மாறினது பாட்டிக்குத் தெரியாது. அவங்க போனில் தட்டுறாங்க, கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது மென்பொருளோட வேலை. உள்ளே ஒழுங்கு வந்தது, அதுக்கான சுமை மனுஷங்க மேல விழல.

பெருமுக்கல் நோட்டு

இந்த இடத்தில் ஒரு ஊரைப் பற்றிச் சொல்லணும். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போற வழியில் பெருமுக்கல் இருக்கு. சமவெளிக்கு நடுவுல ஒரு கல்மலை. மேலே சிவன் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள், குகைப் பாறையில் அதைவிடப் பல மடங்கு பழைய கீறல் உருவங்கள். 1760இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்த மலைக்கோட்டைக்காகச் சண்டை போட்டார்கள். அவங்க எழுதினதில் ஊர்ப் பெயர் ‘பெர்மகோயில்’. பெருமுக்கல்னு தேடினா அந்தப் பக்கங்கள் கிடைக்காது. பெயர் எப்படி எழுதியிருக்கு என்பதே வரலாறு கிடைக்குமா கிடைக்காதான்னு முடிவு பண்ணுது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருத்தர், அந்த மலையைப் பற்றிப் பல வருஷமா நோட்டு எழுதிவைத்திருக்கார். ஒரு டிடிபி கடையில் கொடுத்து டைப் பண்ணி வாங்கின கோப்பு அவர்கிட்ட இருந்தது. பிரிண்ட் எடுத்தா பிரமாதம். எடுத்து ஒட்டினா குப்பை, ஏன்னா பழைய எழுத்துரு. அதை யூனிகோடுக்கு மாற்றினோம். பிறகு மின்னூல் ஆக்கலாம்னு உட்கார்ந்தோம். அவர் தானே திருத்தணும் என்றார். நான் கோட் வியூவைத் திறந்தேன்.

“தம்பி, இது என்ன, எழுத்துக்கு நடுவுல முள்ளு முள்ளா? பக்கத்தைக் காட்டுங்க, நான் திருத்திக்கிறேன்.”

“சார், அந்த முள்ளுதான் சார் புத்தகத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு.”

“இருக்கட்டும். நான் படிக்கிறது வரியைத்தானே?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கு. பெருமுக்கல் கல்வெட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட நூறு மடங்கு அவருக்குத் தெரியும். அவர் கையில் கருவி இல்லன்னா, ஒவ்வொரு எழுத்துப்பிழைக்கும் எனக்கு போன் பண்ணணும். நான் பெங்களூர்ல வேலை முடிச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால்தான் அவர் புத்தகம் ஒரு வரி நகரும். புக் வியூ போனதில் உண்மையான நஷ்டம் இதுதான்: விஷயம் தெரிந்தவர், கோட் தெரிந்தவரை நம்பி நிற்கணும்.

ஆனா அதே மனுஷர்தான் எனக்கு மறுபக்கத்தையும் காட்டினார். கல்வெட்டை எப்படிப் படிப்பாங்கன்னு கேட்டேன். கல்லில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வித்தியாசம் தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. ஒரு சொல்லின் பாதியில் வரி முடிஞ்சு மிச்சம் அடுத்த வரியில் வரும். அதனால் படிக்கிறவங்க முதலில் ஈரத்தாள் ஒட்டி, தட்டி, மைப்படி எடுப்பாங்க. பிறகு வரி எண் போட்டு, கல்லில் வரி முடிகிற இடத்திலேயே முடித்து, சந்தேகமான எழுத்தை அடைப்புக்குறிக்குள் வைத்து, சிதைந்த இடத்தில் புள்ளி வைத்து எழுதுவாங்க. அதுக்குப் பிறகுதான் பொருள் சொல்வது.

அழகா இருக்கட்டும்னு வரிகளைச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்னு கேட்டேன். “அடுத்து வர்றவனுக்குக் கல்லு எங்க உடைஞ்சதுன்னே தெரியாது தம்பி. நான் யூகிச்சதைக் கல்லு சொன்னதா நினைச்சுப்பான்.”

புக் வியூவை எடுத்ததுக்கான காரணத்தை இதைவிடத் தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்ல. கல்வெட்டு வரி முடியும் இடம் அலங்காரம் கிடையாது, அது தகவல். பார்த்து எழுதும்போது நம்ம கை ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி வரியை நேராக்கும். லேப்டாப்பில் நேராகத் தெரியும். போனில் எழுத்தைப் பெருசாக்கினதும் எல்லாம் கலையும், வரி எண் ஒரு பக்கம், வரி ஒரு பக்கம். அதையே ‘இது கல்வெட்டு வரி’ன்னு குறி போட்டு வைத்தால், எந்தத் திரையிலும் வரி எண்ணும் வரியும் பிரியாது.

நாங்க கடைசியில் வேலையைப் பிரிச்சுக்கிட்டோம். பக்கங்களுக்குக் குறி போடுவது என் வேலை. ஒவ்வொரு கல்வெட்டும் ஒரு தனிப் பக்கம். அவர் பேஜ்எடிட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து எழுத்தைத் திருத்துவார். நான் வாரத்துக்கு ஒருமுறை என்ன மாறியிருக்குன்னு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஓடுது. ஆனா இதுக்கு ரெண்டு பேர் வேணும்.

யார் சுமப்பது?

பார்த்தும் எழுதலாம், உள்ளேயும் கெடாது, அப்படி ஒரு கருவி சாத்தியமே இல்லையா? இருக்கு. விக்கிப்பீடியா செஞ்சது. 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் பார்த்து எழுதும் திருத்தியை எல்லாருக்கும் திறந்தபோது, பழைய பங்களிப்பாளர்கள் கடுமையா எதிர்த்தார்கள். ரெண்டே மாசத்தில், செப்டம்பரில், விரும்பினால் மட்டும் என்று பின்வாங்க வேண்டிவந்தது. ஆனா அதைத் தூக்கிப் போடல. பார்சாய்டு என்ற நிரல், நீங்க தொட்ட பகுதியை மட்டும் மறுபடி எழுதி, தொடாததை அப்படியே விடுது. புக் வியூவின் நோய்க்கு மருந்து அதுதான்.

அந்த மருந்தைத் தயாரிக்க, விக்கிமீடியா அறக்கட்டளையில் சம்பளம் வாங்கும் பொறியாளர் குழு பல வருஷம் உட்கார்ந்தது. சிகிலில் இருந்தவங்களை விரல் விட்டு எண்ணலாம். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்யறவங்க. க்யூடி கீழே தரையை உருவிக்கிட்டு இருக்கும்போது, அவங்க எதைக் காப்பாத்தணும்? புத்தகத்தின் உள்ளமைப்பையா, பார்த்து எழுதும் சுகத்தையா? ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும்னா, அவங்க முடிவு சரின்னுதான் நான் நினைக்கிறேன்.

அதே நேரம் நம்ம யூனிகோடு கதை என்ன சொல்லுது? உள்ளே ஒழுங்கா வைப்பது வேற, எல்லாரையும் உள்ளே வரச் சொல்வது வேற. முதலாவது நடந்தாச்சு. ரெண்டாவதைத் தவிர்க்கும் வேலை மின்னூல் உலகத்தில் இன்னும் பாதியில் நிக்குது. சிகில் கட்டற்ற மென்பொருள், மூலநிரல் யாரும் எடுக்கலாம். பழைய பதிப்பை எடுத்து புக் வியூவோடு தொடரவும் உரிமை இருக்கு. ஆனா நிரலை வளர்க்க ஆள் வேணும், ஒரு பிழையைச் சொல்லவாவது ஆள் வேணும். தமிழ் மின்னூலுக்கு வேண்டிய கருவியை, தமிழ் தெரிந்த புரோகிராமர் கை வைக்காம வேற யார் செய்வாங்கன்னு எதிர்பார்க்கிறது?

அதனால் ரெண்டு சின்ன வேண்டுகோள். உங்க வீட்டில் தாத்தாவோ அத்தையோ எழுதின நோட்டு பழைய எழுத்துருக் கோப்பா கிடந்தா, இந்த வாரமே யூனிகோடுக்கு மாத்திடுங்க. அந்த எழுத்துரு உங்க அடுத்த லேப்டாப்பில் இருக்குமோ இருக்காதோ. ரெண்டாவது, வேர்டில் எழுதினாலும் தலைப்பைத் தடிமனாக்கி விட்டுடாதீங்க, ‘ஹெட்டிங்’ பட்டனை அழுத்துங்க. பார்க்க வித்தியாசம் பெருசா தெரியாது. அந்தக் கோப்பைக் காதால் படிக்கிற ஒருத்தருக்கு, அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவ அது ஒண்ணுதான் வழி.

அடுத்த எபிசோடில் தமிழ்99 விசைப்பலகை. உங்ககிட்ட பழைய தமிழ் மென்பொருள் ஃபிளாப்பி ஏதாவது இருந்தா, தூக்கிப் போடாம எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.